பெயரை விடுங்கள், ஐஎம்ஓ எண்ணைப் பிடியுங்கள்: ஒரு பெரிய கன்டெய்னர் கப்பலின் பயணத்தையும் பூர்வீகத்தையும் தேடுவது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி ஒரு பெரிய கன்டெய்னர் கப்பலில் ஃபோர்த் என்ஜினியராக ஏறியிருக்கிறார். வீட்டில் இருப்பவர்களுக்குக் கப்பலின் பெயர் மட்டும்தான் தெரியும். இணைய வரைபடத்தில் தேடிப் பார்த்தால் இரண்டு நாள் ஒரே இடத்தில் நின்றது, அப்புறம் ஆளையே காணோம். அம்மா பயந்துபோயிருக்கிறார். அந்தக் கப்பல் எங்கே இருக்கிறது, இதற்கு முன் எங்கெல்லாம் போய்வந்தது, யாருடையது, ஏதாவது விபத்தில் மாட்டியிருக்கிறதா, இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். பெரும்பாலானதைக் காசு கொடுக்காமலே பார்க்கலாம். தம்பியின் கப்பலை இங்கே பேர் சொல்லி அலச வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த ஒரு கப்பலை வைத்துச் சொல்கிறேன், அதே வழியில் நீங்கள் உங்கள் கப்பலைத் தேடிக்கொள்ளலாம். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டு ஆறு நாள் உலகத்தையே நிறுத்தி வைத்த எவர் கிவன்தான் அது. சரக்கு அனுப்பும் தொழிலில் இருப்பதால் கப்பல் தேடுவது எனக்கு அன்றாட வேலை, ஆனால் இதற்குத் தொழில் அறிவு ஒன்றும் பெரிதாக வேண்டாம், பொறுமை போதும்.

முதல் விஷயம், பெயரை வைத்துத் தேடாதீர்கள். எவர் கிவன் மாட்டிக்கொண்ட அன்று பாதிப் பேர் அந்தக் கப்பலின் பெயர் எவர்கிரீன் என்றே நினைத்தார்கள், ஏனென்றால் பக்கவாட்டில் ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு பெரிய எழுத்தில் அதுதான் எழுதியிருந்தது. அது கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்டும் தைவான் கம்பெனியின் பெயர். கப்பலின் சொந்தப் பெயர் முன்முனையிலும் பின்பக்கத்திலும் சின்னதாக இருக்கும். அதுவும் போதாதென்று அதே அச்சில் வார்த்த சகோதரக் கப்பல்கள் எவர் கோல்டன், எவர் கிஃப்டட், எவர் குளோப் என்று வரிசையாக இருக்கின்றன. 2022 மார்ச்சில் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் தரைதட்டிய எவர் ஃபார்வர்டை, ‘அதே கப்பல் மறுபடியும் மாட்டிக்கொண்டது’ என்று பகிர்ந்தவர்கள் ஏராளம். அது வேறு ரகம், அளவிலும் சிறியது. இது தவிர, விற்கப்படும் கப்பல் பெயர் மாறும், கொடி மாறும், கம்பெனி மாறும். பதினைந்து வருடம் ஓடிய கப்பலுக்கு மூன்று நான்கு பழைய பெயர்கள் இருப்பது சகஜம்.

மாறாதது ஒன்றே ஒன்று, ஐஎம்ஓ எண். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் பெயரால் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு ஏழு இலக்க எண் உண்டு. கப்பல் கட்டும்போதே கிடைப்பது, உடைக்கும் வரை அதுதான், உடைத்த பிறகும் வேறு கப்பலுக்குக் கொடுக்க மாட்டார்கள். 1987-ல் இதற்கான தீர்மானம் வந்து, 1996 முதல் கட்டாயமானது. கப்பலின் உடலிலேயே, வெளியிலிருந்து படிக்கும்படி, குறைந்தது 20 சென்டிமீட்டர் உயர எழுத்தில் இது பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். வெறும் பெயின்ட் போதாது, சுலபத்தில் அழிக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது விதி. தம்பியிடம் முதலில் இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

எவர் கிவனின் எண் 9811000. எண் சரியா என்று நீங்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமும் ஏழாவது இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். 9-ஐ 7-ஆல் பெருக்கினால் 63. 8-ஐ 6-ஆல், 48. அடுத்த 1-ஐ 5-ஆல், 5. இன்னொரு 1-ஐ 4-ஆல், 4. மிச்சம் இரண்டும் பூஜ்யம். மொத்தம் 120. கடைசி இலக்கம் 0, கப்பல் எண்ணின் கடைசி இலக்கமும் 0. வாட்ஸாப்பில் யாராவது ஒரு எண்ணை அனுப்பி இதுதான் அந்தக் கப்பல் என்றால் நான் முதலில் செய்வது இந்தக் கணக்கைத்தான். தட்டச்சுப் பிழை இருந்தால் பெரும்பாலும் இங்கேயே பிடிபட்டுவிடும்.

இன்னொரு எண்ணும் கண்ணில் படும், எம்எம்எஸ்ஐ என்று ஒன்பது இலக்கம். அது வானொலிக் கருவிக்கான எண். முதல் மூன்று இலக்கம் கொடியின் நாட்டைச் சொல்லும். இந்தியா 419, இலங்கை 417, சிங்கப்பூருக்கு 563-ம் ஒன்று, பனாமாவுக்கு 353 உட்படப் பல. கொடி மாறினால் இந்த எண்ணும் மாறிவிடும், அதனால் வரலாறு தேட இதை நம்பக் கூடாது.

சரி, எண் கையில் இருக்கிறது. இப்போது ‘இந்தக் கப்பல் யாருடையது’ என்ற கேள்விக்கு வருவோம். ஒற்றை வரியில் பதில் கிடைக்காத கேள்வி இது. எவர் கிவனைக் கட்டியது ஜப்பானின் இமாபாரி கப்பல் கட்டும் தளம், 2018-ல் முடித்துக் கொடுத்தார்கள். உரிமை ஷோயெய் கிசென் கைஷா என்ற ஜப்பானியக் கம்பெனியின் வட்டத்தில் இருக்கிறது, அதுவும் இமாபாரி குழுமத்தைச் சேர்ந்ததுதான். கொடி பனாமா. வாடகைக்கு எடுத்து ஓட்டுவது தைவானின் எவர்கிரீன். மாலுமிகளைச் சேர்த்து, இயந்திரங்களைப் பராமரித்து, தினசரி நிர்வாகம் பார்த்தது ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் ஷுல்ட்டே. தரம் சான்றளித்தது அமெரிக்கன் பீரோ ஆஃப் ஷிப்பிங். சூயஸில் மாட்டியபோது கப்பலில் இருந்த 25 மாலுமிகளும் இந்தியர்கள். விபத்து நடந்ததோ எகிப்தில். ஒரு கப்பலுக்குள் இத்தனை நாடுகள். உங்களைப் போன்ற குடும்பத்துக்கு இதில் முக்கியமானவர் நிர்வாகக் கம்பெனிதான். பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும் பெயருக்கும் தம்பியின் சம்பளத்துக்கும் பெரும்பாலும் நேரடிச் சம்பந்தம் இருக்காது.

இந்த விவரமெல்லாம் எங்கே கிடைக்கும் என்றால், ஈக்வாசிஸ் என்ற தளத்தில். 2000-ல் ஐரோப்பிய ஆணையமும் பிரான்சும் முன்னின்று தொடங்கியது, இலவசம், ஒரு கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். ஐஎம்ஓ எண்ணைப் போட்டால் பதிவு உரிமையாளர், நிர்வாகி, தரச் சான்று நிறுவனம், காப்பீட்டுச் சங்கம், பழைய பெயர்கள், பழைய கொடிகள், எந்தெந்தத் துறைமுகத்தில் சோதனை நடந்தது, என்ன குறை கண்டார்கள், எத்தனை நாள் பிடித்து வைத்தார்கள் என்பது வரை தேதியோடு வரும். பார்க்க அழகாக இருக்காது, பழைய அரசு அலுவலகத் தளம் போலத்தான் இருக்கும். ஆனால் ஒரு கப்பலின் பூர்வீகம் பார்க்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இலவச இடம் இல்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பே ஜிசிஸ் என்ற தகவல் தளத்தை வைத்திருக்கிறது, விபத்து அறிக்கைகளை அங்கே தேடலாம்.

இப்போது வரைபடம். மரைன் டிராஃபிக், வெசல் ஃபைண்டர் போன்ற தளங்களில் நகரும் அந்தக் குட்டி அம்புக்குறிகள் எல்லாம் ஏஐஎஸ் என்ற கருவியிலிருந்து வருபவை. கப்பலும் கப்பலும் மோதிக்கொள்ளாமல் இருக்கத்தான் இதைக் கொண்டுவந்தார்கள். சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு 2004 முடிவுக்குள் கட்டாயமானது. கப்பலில் இருக்கும் கருவி தன் இடம், வேகம், போகும் திசை எல்லாவற்றையும் விஎச்எஃப் வானொலி அலையில் சொல்லிக்கொண்டே இருக்கும். ஓடும்போது சில நொடிகளுக்கு ஒரு முறை, நங்கூரம் போட்டு நிற்கும்போது மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை. பெயர், ஐஎம்ஓ எண், அளவு, போகும் ஊர் போன்றவை ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை.

விஎச்எஃப் அலை அடிவானத்தைத் தாண்டி அதிக தூரம் போகாது. கரையில் இருக்கும் ரிசீவருக்கு ஏறக்குறைய 40 கடல் மைல்தான் எட்டும், நல்ல உயரத்தில் ஆன்டெனா இருந்தால் இன்னும் கொஞ்சம். இந்த ரிசீவர்களில் பலவற்றைக் கடற்கரையோரம் இருக்கும் ஆர்வலர்களே தங்கள் மொட்டை மாடியில் வைத்து, வரும் தகவலைத் தளங்களுக்கு அனுப்புகிறார்கள். நடுக்கடலில் ரிசீவர் ஏது? அங்கே செயற்கைக்கோள்தான் கேட்க வேண்டும், அந்தத் தகவலைத் தளங்கள் காசுக்கு விற்கின்றன. ஆக, உங்கள் தம்பியின் கப்பல் ‘காணாமல்’ போனதற்கு முதல் காரணம் இதுதான்: கரையை விட்டு விலகிப் போய்விட்டது, அவ்வளவே. கொழும்பைத் தாண்டி இந்தியப் பெருங்கடலில் இறங்கிய கப்பல் இலவச வரைபடத்தில் பல நாள் தலைகாட்டாமல் இருப்பது வழக்கம். அம்மாவிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கடைசியாகத் தெரிந்த இடம், அப்போதிருந்த வேகம், திசை, இந்த மூன்றையும் பாருங்கள். 16 நாட் (மணிக்கு 16 கடல் மைல்) வேகத்தில் நேர்கோட்டில் ஆழ்கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கப்பல் மறைந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. நேரம் பார்க்கும்போது அது உலகப் பொது நேரமா என்று கவனியுங்கள், அப்படியானால் ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம்.

இரண்டு நாள் ஒரே இடத்தில் நின்றதற்கும் விளக்கம் சுலபம். துறைமுகத்துக்கு வெளியே, பெர்த் (கப்பலைக் கட்டி நிறுத்தும் இடம்) கிடைக்கும் வரை நங்கூரம் போட்டுக் காத்திருக்கும். ஏஐஎஸ் தகவலில் கப்பலின் நிலை என்று ஒரு வரி இருக்கும், நங்கூரத்தில் இருக்கிறதா, கட்டப்பட்டிருக்கிறதா, ஓடுகிறதா, கட்டுப்பாட்டில் இல்லையா என்று. காற்றும் நீரோட்டமும் திருப்பத் திருப்ப, நங்கூரத்தைச் சுற்றி வட்டமோ அரைவட்டமோ போட்டமாதிரி தடம் விழுந்திருக்கும். அது தெரிந்தால் கப்பல் நிம்மதியாக நிற்கிறது என்று அர்த்தம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இடம், வேகம் எல்லாம் கருவியிலிருந்து தானாக வருபவை. போகும் ஊர், வந்துசேரும் நேரம், நிலை, எவ்வளவு ஆழம் மூழ்கியிருக்கிறது என்பதெல்லாம் கப்பலை ஓட்டும் மேல் அறையில் (பிரிட்ஜ்) இருக்கும் அதிகாரி கையால் தட்டுவது. மறந்துபோய்ப் பழைய ஊரே ஒரு வாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஊரைப் பெரும்பாலும் ஐந்து எழுத்துச் சுருக்கத்தில் போடுவார்கள்: எல்கேசிஎம்பி என்றால் கொழும்பு, ஐஎன்எம்ஏஏ சென்னை, என்எல்ஆர்டிஎம் ராட்டர்டாம். 2023 இறுதியிலிருந்து செங்கடலில் தாக்குதல்கள் நடந்த காலத்தில், ஊர் எழுத வேண்டிய இடத்தில் ‘மாலுமிகள் எல்லாம் சீனர்கள்’, ‘இஸ்ரேலோடு தொடர்பில்லை’ என்றெல்லாம் எழுதிக்கொண்டு போன கப்பல்கள் உண்டு. சுடாதீர்கள் என்று கெஞ்சுகிற வரி அது. அபாயப் பகுதியில் கேப்டன் தேவைப்பட்டால் கருவியை அணைத்து வைக்கவும் அனுமதி இருக்கிறது. போதாததற்கு, போர் நடக்கும் இடங்களை ஒட்டி ஜிபிஎஸ் அலையையே குழப்பிவிடுகிறார்கள், அப்போது கடலில் இருக்கும் கப்பல் விமான நிலையத்தின் நடுவில் நிற்பதாகக்கூடக் காட்டும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பழைய பயணங்களை எடுப்பதுதான் கொஞ்சம் உழைப்பு கேட்கும் வேலை. இலவசக் கணக்கில் கடைசிச் சில துறைமுகங்கள் மட்டும் தெரியும், அதற்கு முந்தையதுக்குப் பணம் கட்ட வேண்டும். ஆனால் சுற்றுவழிகள் இருக்கின்றன. அமெரிக்கக் கடற்பகுதியின் பழைய ஏஐஎஸ் பதிவுகளை மரைன் கடாஸ்டர் என்ற அரசுத் தளத்தில் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம், டென்மார்க் கடல்சார் துறையும் தன் கடற்பகுதிப் பதிவுகளை இலவசமாகத் தருகிறது. கப்பலை ஓட்டும் லைனர் கம்பெனியின் தளத்தில் கப்பல் பெயரும் பயண எண்ணும் போட்டால் அட்டவணை வரும். சென்னை, தூத்துக்குடி துறைமுகங்கள் எந்தக் கப்பல் எந்த பெர்த்தில் என்பதைத் தங்கள் தளத்திலேயே போடுகின்றன. அப்புறம் ஷிப்ஸ்பாட்டிங் மாதிரியான படத் தளங்கள். துறைமுக வாசலில் கேமராவோடு நிற்பவர்கள் தேதி, இடம் போட்டு ஏற்றிய படங்கள் எந்தப் பதிவேட்டுக்கும் குறையாத சாட்சி. படத்தைப் பெரிதாக்கி முன்முனையைப் பாருங்கள். பெயரை உலோகத்தில் வெல்டிங் கோடாக வரைந்து அதன்மேல்தான் பெயின்ட் அடிப்பார்கள், அதனால் கைமாறிய கப்பலில் புதுப் பெயருக்கு அடியில் பழைய பெயரின் மேடு சில சமயம் அப்படியே தெரியும்.

வானிலிருந்தும் பார்க்கலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் கோப்பர்நிகஸ் தளத்தில் இலவசம், ஐந்து நாளுக்கு ஒரு முறை ஒரே இடத்தை எடுக்கும், படத்தின் ஒவ்வொரு புள்ளியும் (பிக்சல்) தரையில் 10 மீட்டர். எவர் கிவனின் நீளம் ஏறக்குறைய 400 மீட்டர், அகலம் 59 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அப்படியென்றால் படத்தில் நாற்பது புள்ளி நீளம், ஆறு புள்ளி அகலத்துக்கு ஒரு குச்சி. கால்வாய்க்குக் குறுக்கே அது கிடந்ததை இப்படித்தான் யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தது.

இத்தனையையும் சேர்த்தால் எவர் கிவனுக்கு எப்படி ஒரு வாழ்க்கைக் கதை வருகிறது பாருங்கள். கடலுக்கு வந்து ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில், 2019 பிப்ரவரி 9 அன்று, ஹாம்பர்க் அருகே எல்பே ஆற்றில் பலத்த காற்றில் கரைப்பக்கம் ஒதுங்கி, பிளாங்கனேசே துறையில் நின்ற ஃபிங்கன்வெர்டர் என்ற பயணிகள் படகை நொறுக்கியது. 2021 மார்ச் 23 காலை 7.40-க்கு, மலேசியாவின் தஞ்சோங் பெலபாஸிலிருந்து ராட்டர்டாம் போகும் வழியில், சூயஸ் கால்வாயின் 151-ஆவது கிலோமீட்டரில், காற்றும் மணற்புயலும் அடித்த நேரத்தில் முன்முனை கிழக்குக் கரையில் குத்தி நின்றது. இரண்டு சம்பவத்திலும் காற்று இருக்கிறது, குறுகலான நீர்வழி இருக்கிறது. கன்டெய்னர்களை அத்தனை உயரத்துக்கு அடுக்கிய கப்பலுக்குப் பக்கவாட்டுக் காற்று என்பது ஒரு பெரிய சுவரைத் தள்ளுவது மாதிரி. வரலாற்றைத் தேடினால்தான் இப்படி ஒரு தொடர்பு கண்ணில் படும்.

மண்ணைத் தோண்டி, இழுவைக் கப்பல்களை வைத்து இழுத்து, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நீர்மட்டம் அதிகமாக ஏறியதன் உதவியும் சேர்ந்து மார்ச் 29-ல் விடுவித்தார்கள். செய்திச் சேனல்கள் அங்கேயே கதையை முடித்துவிட்டன. வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியும், கப்பல் எங்கேயும் போகவில்லை. கால்வாயின் நடுவில் இருக்கும் கிரேட் பிட்டர் ஏரியில் அதை நிறுத்தி வைத்து, கால்வாய் ஆணையம் முதலில் 91.6 கோடி டாலர் இழப்பீடு கேட்டது. பிறகு 55 கோடியாகக் குறைத்தது. பேரம் முடிந்து ஜூலை 7-ல்தான் நங்கூரம் தூக்கியது. அதுவரை மூன்று மாதத்துக்கும் மேல் நம் ஊர்ப் பிள்ளைகள் அந்த ஏரியில் கப்பலோடு கிடந்தார்கள், சிலரை மட்டும் இடையில் மாற்றி அனுப்பினார்கள். மார்ச் இறுதியில் வர வேண்டிய கப்பல் ராட்டர்டாமுக்கு வந்தது ஜூலை 29. அடுத்து ஃபீலிக்ஸ்டோவ், ஆகஸ்டில் மறுபடி அதே சூயஸ் வழியாக எந்தப் பிரச்சினையும் இல்லாமல் திரும்பி, சீனாவின் சிங்டாவோவில் பழுது பார்த்துக்கொண்டு மறுபடி வேலைக்கு வந்துவிட்டது. இப்போதும் எண்ணைப் போட்டால் எங்கோ ஓடிக்கொண்டிருப்பது தெரியும்.

தேடிக் கிடைத்ததை எப்படிப் படிப்பது என்பதை எவர் கிவனைவிட இன்னொரு கப்பல் நன்றாகக் காட்டும். டாலி, ஐஎம்ஓ எண் 9697428, கணக்குப் போட்டால் 188 வரும், கடைசி இலக்கம் 8, சரி. 2015-ல் கொரியாவின் ஹூண்டாய் கட்டியது, 300 மீட்டர் நீளம், சிங்கப்பூர்க் கொடி, உரிமையாளர் கிரேஸ் ஓஷன், நிர்வாகம் சினர்ஜி மரைன், வாடகைக்கு எடுத்தது மார்ஸ்க். 2024 மார்ச் 26 அதிகாலை பால்டிமோரிலிருந்து கொழும்புக்குக் கிளம்பி, ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் மின்சாரம் போய், பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. பாலத்தின் மேல் சாலைப் பள்ளங்களைச் சரிசெய்துகொண்டிருந்தவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். கப்பலில் இருந்த 21 மாலுமிகளில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர்.

விடிவதற்குள் ஆட்கள் பழைய பதிவுகளைத் தோண்டிவிட்டார்கள். 2016-ல் ஆன்ட்வெர்ப்பில் துறைமுகச் சுவரில் இடித்தது வந்தது. 2023 ஜூனில் சிலி நாட்டின் சான் அன்டோனியோவில் நடந்த சோதனையில் இயந்திரப் பகுதியில் அளவுமானி சம்பந்தமான குறை என்று இருந்ததும் வந்தது. உடனே ‘ஏற்கெனவே ஓட்டைக் கப்பல்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். முழு விவரத்தையும் பார்த்திருக்கலாம்: அந்த மானி சிலியை விட்டுக் கிளம்பும் முன்பே சரிசெய்யப்பட்டது, செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த அடுத்த சோதனையில் குறையே இல்லை. 2025 நவம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்ன முடிவு முற்றிலும் வேறு. மின் பலகையில் ஒரே ஒரு ஒயர், அதில் மாட்டியிருந்த அடையாளப் பட்டை தடுத்ததால் இணைப்புக்குள் முழுதாக உட்காரவில்லை. அது தளர்ந்ததில் முதல் மின்வெட்டு. எரிபொருள் தள்ளுவதற்கு, அந்த வேலைக்கென்று அமையாத, தானாக மறுபடி ஓடத் தொடங்காத பம்ப்பைப் பயன்படுத்தி வந்ததில் இரண்டாவது மின்வெட்டு. எந்தச் சோதனைப் பதிவிலும் இந்த ஒயர் இல்லை. அதனால் சொல்கிறேன், ஒரு குறை, ஒரு விபத்து இருந்தால் அதை வைத்துக் கப்பலைத் தீர்மானிக்காதீர்கள். ஒரே மாதிரிக் குறை திரும்பத் திரும்ப வருகிறதா, பிடித்து வைத்திருக்கிறார்களா, அதே நிர்வாகியின் மற்றக் கப்பல்களிலும் அப்படியா என்று பாருங்கள். அதுதான் பேசும்.

டாலி கொழும்புக்குப் போகிறது என்ற தகவலும் பலரைக் குழப்பியது. கப்பலில் 56 கன்டெய்னர்களில் அபாயகரமான பொருட்கள் இருந்தன என்று தெரிந்ததும், அதெல்லாம் இலங்கைக்கா என்று அங்கே கேள்வி எழுந்தது. 2021-ல் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கொழும்புக்கு வெளியே எரிந்து கரையெல்லாம் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கியதைப் பார்த்தவர்கள் கேட்காமல் இருப்பார்களா, நியாயமான கேள்விதான். ஆனால் கொழும்பு டிரான்ஷிப்மென்ட் துறைமுகம். அங்கே இறங்கும் பெட்டிகளில் பெரும்பகுதி வேறு கப்பலில் ஏறி வேறு ஊருக்குப் போகும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் ஏற்றும் பெட்டிகளில் நிறைய ஃபீடர் என்ற சிறிய கப்பலில் கொழும்புக்குப் போய் அங்கே மதர் வெசல் என்ற பெரிய கப்பலில் ஏறுவதும் இப்படித்தான். கப்பல் போகும் ஊர் வேறு, பெட்டி போகும் ஊர் வேறு. பெட்டியைத் தேட வேண்டுமானால் அதன் மேல் இருக்கும் நான்கு எழுத்து, ஏழு இலக்க எண்ணை லைனர் கம்பெனியின் தளத்தில் போட வேண்டும், கப்பல் வரைபடம் அதற்கு உதவாது.

கடைசியாக, உங்கள் வீட்டு விஷயம். இவ்வளவு பெரிய கன்டெய்னர் கப்பல் என்றால் பெரும்பாலும் ஒழுங்கான நிர்வாகம்தான் இருக்கும், ஆனாலும் பார்த்துவிடுங்கள். ஈக்வாசிஸில் நிர்வாகக் கம்பெனியின் பெயரும் தம்பியின் ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரும் பொருந்துகிறதா? பொருந்தவில்லை என்றால் ஏன் என்று ஏஜென்ட்டிடம் கேளுங்கள். ஏஜென்ட்டுக்கு இந்தியக் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்பிஎஸ்எல் உரிமம் (மாலுமிகளை வேலைக்கு எடுத்து அனுப்புவதற்கான உரிமம்) இருக்கிறதா என்பதை அந்த இயக்குநரகத்தின் தளத்திலேயே எண் போட்டுப் பார்க்கலாம். உரிமையாளர் கைவிட்டுவிட்டுப் போன கப்பல்களின் பட்டியலைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் கடல்சார் அமைப்பும் சேர்ந்து பராமரிக்கின்றன, அதிலும் ஐஎம்ஓ எண்ணைப் போட்டுத் தேடலாம். காப்பீடு எந்தச் சங்கத்தில் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏதாவது ஆனால் மாலுமிகளின் சம்பளத்துக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் முதலில் போய் நிற்க வேண்டிய இடங்களில் அது ஒன்று. இந்த நான்கையும் ஒரே மாலையில் பார்த்து முடித்துவிடலாம். வரைபடத்தை அம்மாவின் போனில் போட்டுக் கொடுக்கும்போது, கடைசியாகத் தகவல் வந்த நேரம் எந்த மூலையில் இருக்கிறது என்பதையும் காட்டிக் கொடுங்கள்.